‘பிரச்சனை இல்லை’ன்னு மெசேஜ் போட்டுவிடாதே

கண்ணு,

டெலிவரிக்குப் போன வீட்டில் நாய் கடித்து, வண்டியோடு விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு உங்கம்மா தூங்கவே இல்லை, வெசனப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போனில் சொன்னால் நீ ‘சரிங்கப்பா, சரிங்கப்பா’ என்பாய், அடுத்த ஆர்டர் வந்ததும் ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், உங்கக்கா மகள் இதைப் போட்டோ பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். முப்பது வருஷம் காங்கயம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டுச் சுமந்தவனுக்குப் பேச்சைவிட எழுத்துத்தான் கைக்கு வருகிறது.

முதலில் ஊசி. ‘டிடி போட்டாச்சுப்பா’ என்றாய். டிடி ரணஜன்னிக்குப் போடுகிற ஊசி, வெறிநாய்க்கடி ஊசி வேறு. இந்தக் காகிதம் வந்த உடனே வண்டியை ஓரம்கட்டிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே காசு கிடையாது. முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு 3, 7, 28 ஆகிய நாட்களில் மறுபடி போடுவார்கள். தனியாரில் சதையில் போட்டால் 14ஆம் நாளும் ஒன்று சேரும். கெண்டைக்காலில் பல் இறங்கிச் சதை கிழிந்திருக்கிறது என்றாயே, அந்த மாதிரிக் கடிக்குப் புண்ணைச் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசி போட வேண்டும், அதை நீயே வாய் திறந்து கேள். கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவியிருக்க வேண்டும், நீ பாட்டில் தண்ணியை ஊற்றிவிட்டு அடுத்த டெலிவரிக்குப் போயிருக்கிறாய். இப்போதாவது கழுவு. உங்க அம்மிச்சி சுண்ணாம்பு வைக்கச் சொல்லுவார், அவரிடம் சரி என்று சொல்லு, வைக்காதே. நாய்க்காரர் ‘எங்க நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கு’ என்றாராமே, அந்த அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள், பத்து நாளைக்கு நாயைக் கண்காணிக்கவும் சொல். அதுவரைக்கும் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே.

ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும்போதே ‘இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன வீட்டு வளர்ப்பு நாய் கடித்தது, டெலிவரிக்குப் போனபோது’ என்று எழுதச் சொல். நாய்க்கடி என்று மட்டும் எழுதினால் தெருநாயா வீட்டு நாயா என்று பின்னால் எவனாவது கேள்வி கேட்பான். அந்தச் சீட்டை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி என்பார்கள், அதில் என்ன ஏறுகிறதோ அதுதான் கடைசி வரை நிற்கும்.

இப்போது அந்த ரெண்டாயிரம் ரூபாய் விஷயம். நாய்க்காரர் அதை ஜிபேயில் போட்டுவிட்டு, ‘தம்பி, பிரச்சனை ஒண்ணும் இல்லைன்னு ஒரு மெசேஜ் போட்டு விட்டுடு’ என்று கேட்டார் என்றாய் அல்லவா, நீ அதைச் சொன்னபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து நெஞ்சை அடைத்தது. உனக்கு ரெண்டு வயசு இருக்கும். நம்ம சாளையில் மணி என்று ஒரு கருப்பு நாய் இருந்தது, ஆட்டுப்பட்டிக்குக் காவல். கேஸ் சிலிண்டர் போட வந்த பையனைத் தொடையில் கடித்துவிட்டது. அதற்கு முந்தின வருஷமே தேங்காய் பறிக்க வந்தவரைக் கடித்த நாய்தான் அது, தெரிந்தும் நான் பகலில் கட்டிப்போடவில்லை. அந்தப் பையன் கையில் ஐநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில், ‘நானே தெரியாமல் நாயை மிதித்துவிட்டேன், யார் மேலும் குறை இல்லை’ என்று நானே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எனக்குச் சட்டம் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதற்கப்புறம் சிலிண்டர் போட வேற பையன்தான் வந்தான். முன்னே வந்தவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. அந்த லேஅவுட் வீட்டு நாய்க்காரர் உன்னிடம் கேட்கிற மெசேஜும் நான் எழுதின அந்த வெள்ளைத்தாளும் ஒன்றுதான், கண்ணு.

அதனால் அவர் கேட்டதைப் போடாதே. பணத்தைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். ‘சார், நீங்க மருத்துவச் செலவுக்கு முன்பணமாகக் கொடுத்த 2,000 வந்தது, மற்ற செலவுக் கணக்கு பிறகு தருகிறேன்’ என்று மரியாதையாக ஒரு வரி போடு. அவர் அதற்கு என்ன பதில் போட்டாலும் அழிக்காதே.

அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். பழைய ஐ.பி.சி.யில் (இந்திய தண்டனைச் சட்டம்) 289ஆம் பிரிவு என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291. தன் வசம் உள்ள மிருகத்தால் மனுஷனுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம், ரெண்டும்கூட. முன்னே ஆயிரம்தான் இருந்தது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய பிரிவு இது. சென்னையில் 2024 மே மாதம் பூங்காவில் அஞ்சு வயசுக் குழந்தையை ரெண்டு ராட்வைலர் குதறினபோது உரிமையாளரைக் கைது செய்ததில் அந்தப் பழைய 289தான் இருந்தது. மனுவை வாங்கிக்கொண்டு, வாங்கினதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதையும் வாங்கிக்கொள், ஆனால் எஃப்.ஐ.ஆர். கேள். போட மாட்டேன் என்றால் அதே மனுவை மேலதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கோபத்தைக் கொட்டி நாலு பக்கம் எழுதாதே. நேரம், இடம், நாய், காயம், அவ்வளவு போதும்.

அபராதம் சர்க்காருக்குப் போகிற பணம். அதிலிருந்து உனக்குக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போடலாம்தான், ஆனால் ஐயாயிரத்தில் என்ன மிஞ்சப் போகிறது. உனக்கு வர வேண்டிய நஷ்டஈடு தனிக் கணக்கு, அதை உரிமையாளரிடம் சிவிலாகத்தான் கேட்க வேண்டும். இங்கேதான் உன் போனில் இருப்பதெல்லாம் சாட்சி. ‘கேட்டைத் திறந்து உள்ளே வந்து வராண்டாவில் வைக்கவும்’ என்று ஆப்பில் அவர் குறிப்புப் போட்டிருந்தார் என்றாயே, அதை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடு, அது மறைந்துபோனால் என்ன செய்வாய். நீ அத்துமீறி நுழைந்தவன் இல்லை, அவர் கூப்பிட்டுத்தான் போனாய். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று போர்டு தொங்குகிறது, அதனால் நமக்குக் கேஸ் இல்லையோ என்று உங்கம்மா கேட்டாள். போர்டு தொங்கவிட்டால் பொறுப்பு கழன்றுவிடாது. கடிக்கும் என்று தெரிந்துதானே மாட்டினாய், தெரிந்தும் ஏன் கட்டவில்லை என்று நம்ம வக்கீல் அதையே திருப்பிக் கேட்பார். முன்னே யாரையாவது கடித்திருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் சித்தெ பேச்சுக் கொடுத்துப் பார். லேஅவுட் அசோசியேஷன் கேமரா பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், எடுத்து வைக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்துக் காப்பியில் கையெழுத்து வாங்கு.

ஆனால் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போடு என்று நான் சொல்லவில்லை. முப்பதாயிரம் நாற்பதாயிரத்துக்கு வாய்தா வாய்தாவாக நடந்து செருப்புத் தேய்ந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருஷ வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருந்தால் வக்கீலும் இலவசம். 15100க்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். கேஸ் போடுவதற்கு முன்னாலேயே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்க மனு கொடுக்கலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது, அவருக்கு நோட்டீஸ் போகும். அங்கே ஒத்துக்கொண்டு முடிந்தால் அது கோர்ட் தீர்ப்பாணை (டிகிரி) மாதிரி, அப்பீலும் கிடையாது. அதனால் கணக்கை முழுசாகக் கொண்டு போ. மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ, வளைந்த ஹேண்டில்பார், வேலைக்குப் போகாத நாட்கள். அதற்குப் போன மாதத்து வாராந்திர பேஅவுட் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் வேண்டும், இன்சென்டிவ் உள்பட.

வண்டி இன்சூரன்ஸை நம்பாதே. தேர்ட் பார்ட்டி என்பது மற்றவர்களுக்கு ஆகிற நஷ்டத்துக்கு, நீயே விழுந்ததற்கு ஒன்றும் தராது. பதினைந்து லட்சம் என்று பாலிசியில் இருக்கிறதே, அது சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்.

கம்பெனி உன்னைத் தொழிலாளி என்று சொல்வதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறது. பேர் நன்றாகத்தான் இருக்கிறது, கடிபட்டால்தான் அதன் அர்த்தம் தெரிகிறது. உன் ரூம்மேட் கூரியரில் சம்பளத்துக்கு இருக்கிறான், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். அவனை வேலையில் நாய் கடித்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம், மூணு நாளுக்குக் குறையாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் 90 சதவீதம். உனக்கு அது இல்லை. ஆனால் ஆப்பில் விபத்துக் காப்பீடு என்று ஒரு பகுதி இருக்கும், ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள், உனக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கே தகவல் கொடு, டிக்கெட் நம்பரைக் குறித்து வை. ஐடியைப் பிளாக் செய்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாய், எனக்கும் பயம்தான், ஆனாலும் கொடு. அப்புறம் தமிழ்நாட்டில் 2023 கடைசியில் உங்க மாதிரி ஆட்களுக்கென்றே நலவாரியம் அமைத்தார்கள், நீ இன்னும் பதியவில்லை. தீபாவளிக்கு வந்தபோதே சொன்னேன். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்துவிட்டது, உங்க கம்பெனி மாதிரிக் கம்பெனிகள் வருஷ டர்ன்ஓவரில் ஒன்று முதல் ரெண்டு சதவீதம் உங்களுக்காகக் கட்ட வேண்டும் என்கிறது. அது உன் கைக்கு என்றைக்கு வருமோ, பேர் பதிவில் இருந்தால்தானே வரும்.

தெருநாய் கடித்திருந்தால் கதை வேறு. பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் 2023இல் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது பத்தாயிரம் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது, ஆனால் அது அந்த ஊர் அரசுகளுக்கு. நம்ம பக்கம் வெள்ளகோயில், காங்கயத்தில் தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு உட்கார்ந்துதான் நஷ்டஈட்டுக்கு வழி பிறந்தது. ஆட்டுக்கே அவ்வளவு பாடு.

நான் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஏ.ஆர். காப்பி, ஊசி அட்டை, சி.எஸ்.ஆர்., ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வை. கூடவே வக்கீல் நோட்டீஸுக்கு அந்த வீட்டுக்காரர் பேர், கதவு எண். அவரிடம் சத்தம் போடாதே, நாயையும் திட்டாதே. உங்கம்மா பருப்புப்பொடி கொடுத்து அனுப்புகிறாள்.

அப்பா