மஞ்சள் கோட்டைத் தாண்டும் வாத்தியார்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளியைச் சுற்றி 100 கெஜத்தில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் புகையிலை விற்கும் பெட்டிக்கடைகளை அப்புறப்படுத்தும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நல்லது. ஆனால் இடைவேளை மணி அடித்ததும் அதே கோட்டைத் தாண்டி டீக்கடையில் தம் அடித்துவிட்டு, வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பும் வாத்தியாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அந்த வாடை தெரியாதா என்ன?

கோட்டிலேயே கோளாறு உண்டு. 100 கெஜம் என்பது 91 மீட்டர் 44 செ.மீ. சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பதே விதி. வாசல் கேட்டில் டேப்பை வைத்துச் சாலையோடு அளந்தால், பின்சுவரை ஒட்டிய சந்தில் இருக்கும் கடை தப்பிவிடும்.

பள்ளி வளாகத்துக்குள் புகைத்தால் 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ரூ.200 வரை அபராதம். அச்சட்டத்தின் 2008 விதிகளின்படி அதை வசூலிக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு உண்டு. புகார் வந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை மீறலோ அத்தனைக்கும் அபராதம் அவர் தலையில் விழும். புகாரை யாரிடம் சொல்வது என்று நுழைவாயில் பலகையில் பெயர் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாகக் கிடந்தால் பலகை வெறும் அலங்காரம். தலைமை ஆசிரியரே புகைப்பவராக இருந்தால் யார் யாரைக் கேட்பது?

அபராதத்தால் ஆள் இடம் மாறுவாரே தவிரப் பழக்கம் விடாது. புகையிலையில் உள்ள நிகோட்டினுக்கு அடிமையாவதற்கு மருந்து இருக்கிறது. அதைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டு, "நமக்கு ஒத்துவரலை" என்று கைவிடுபவர்களே அதிகம். அந்த மருந்துகளில் ஒன்றான நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்றுகொண்டே இருந்தால் சாறு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாலைந்து முறை மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு துண்டை அரை மணி நேரம் இப்படி வைத்திருக்கலாம். டீ, காபி குடித்த கையோடு போட்டால் வாயில் மருந்து சரியாக ஏறாது. கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். டீயும் சிகரெட்டும் சேர்ந்தே பழகிய நம் ஊரில் தவறு நடப்பது இங்கேதான்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 2 மி.கி. நிகோட்டின் உள்ள சூயிங்கம் பெரும்பாலும் போதாது, 4 மி.கி. வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் மூன்று நான்கு நாள் உச்சத்தில் இருக்கும், சில வாரங்களில் அடங்கிவிடும். ஆகவே நிறுத்தும் தேதியைத் தேர்வுப் பணிக்காலத்தில் வைக்காமல், விடுமுறையின் முதல் நாளில் வைப்பது புத்திசாலித்தனம். முதல் இரண்டு வாரம் இடைவேளை டீயை ஆசிரியர் அறைக்கே வரவழைத்தால் பாதி சோதனை குறையும். 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

புகையிலை இல்லாப் பள்ளி வழிகாட்டுதல், ஆறு மாதத்துக்கு ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்கிறது. வெயிலில் பிள்ளைகளைப் பதாகையோடு நடக்கவிடுவதற்குப் பதில், அடுத்த நிகழ்ச்சியைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசிரியர் அறையில், ஒரு மருத்துவரை வைத்து நடத்தக் கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
புகையிலை நிறுத்த ஆலோசகர்கள் சிலர்,
திருச்சி.