பாப்பாவின் 506

விருதுநகர்,
22.6.2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று பக்கம் போர்வெல் புராணம், அரைப் பக்கம் அம்மாவின் முழங்கால், கடைசியில் கடுகு கடுகாக நான்கு வரி. அந்த நான்கு வரிக்காகத்தான் நீ பேனாவையே எடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? பாப்பா நீட் தேர்வில் 506 வாங்கியிருக்கிறாள். போன வருடம் அறுநூறு வாங்கியவர்களுக்கே அரசுக் கல்லூரி கிடைக்கவில்லையாம். ஆகையால் மருத்துவத்துக்கு விண்ணப்பமே போட வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இதுதானே சங்கதி?

முடிவெடுத்தது யார், பாப்பாவா நீயா? நீயாகத்தான் இருக்கும். எதையும் தோற்பதற்கு முன்பே தோற்றுவிட்டு நிம்மதியாக உட்காருவது உன் பழைய வழக்கம்.

முதலில் விண்ணப்பத்தைப் போடு. மிச்சக் கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

போட்டாயிற்றா? சரி, இனிப் பேசுவோம். 2024-இல் மறுதேர்வு, நீதிமன்றம், திருத்தம் எல்லாம் முடிந்த பிறகும் 720-க்கு 720 வாங்கியவர்கள் பதினேழு பேர். 650-உம் அதற்கு மேலும் வாங்கியவர்கள் முப்பதாயிரத்துக்கும் அதிகம். இந்த வருடம் நாட்டிலேயே முதல் மாணவனின் மதிப்பெண் 686. 650-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எழுபத்து மூன்று. இருபத்திரண்டு லட்சம் பேர் எழுதிய தேர்வில் எழுபத்து மூன்றே பேர். பாடத்திட்டத்தைக் குறைத்து, கேள்வியும் இலேசாகக் கேட்ட வருடத்தின் அறுநூறைக் கொண்டுவந்து இந்த வருடத்து 506-க்குப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளை குட்டை என்று சொல்கிறாய். அளவுகோலையே மாற்றிவிட்டார்கள் சுந்தரம், உயரம் அப்படியேதான் இருக்கிறது.

இயற்பியல் தாளை நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முப்பது வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான். மொத்தம் 180 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். எனக்குச் சில கணக்குகளுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. இரண்டைப் போட முடியாமல் காபி குடிக்க எழுந்துவிட்டேன். பாப்பா அன்று அழுதுகொண்டே வெளியே வந்தாள் என்று மே மாதம் நீ எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அழாமல் வெளியே வந்த பிள்ளைகள் குறைவு.

இதையெல்லாம் நான் பெரிய அறிவாளி என்பதால் சொல்லவில்லை. இதே தவற்றைத் தலைகீழாகச் செய்து என் பெரியவனை நோக வைத்தவன் நான். உனக்கு முழுக்கதையும் எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன்.

2023-இல் அவன் கொஞ்சத்தில் தவறவிட்டான். இன்னொரு வருடம் படிக்கிறேன் என்றான். வெளியூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம், பணம் போனதோடு போகட்டும். அந்த வருடம் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் வாங்கியவரின் மதிப்பெண்ணை விசாரித்து, அதோடு முப்பதைக் கூட்டி, 590 என்று சாக்பீஸால் அவன் அறைக் கதவின் உள்பக்கம் எழுதிவைத்தேன். வாத்தியார் புத்தி. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே படுப்பான். 2024 ஜூன் 4 உனக்கு நினைவிருக்கும், மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே நீட் முடிவும் வந்தது. 597! தெருவில் யார் யாருக்கோ வெடித்த வெடியை நாங்கள் எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோம். மறுநாள் பள்ளியில் ஆசிரியர் அறை முழுவதும் லட்டு கொடுத்தேன். 'எந்தக் கல்லூரி சார்?' என்று கேட்டவர்களிடம் 'மதுரை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் திருநெல்வேலி' என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அப்புறம் தரவரிசைப் பட்டியல் வந்தது. அவனுக்கு முன்னால் நின்றவர்களின் வரிசை தெருக்கோடி வரை போயிருந்தது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று, அதற்கடுத்தது, எதிலும் இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது கதவில் இருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்திருந்தான். 'நீங்கள் சொன்னதை நான் வாங்கிவிட்டேன் அப்பா' என்று மட்டும் ஒரு தரம் சொன்னான். அதற்கு என்ன பதில் சொல்வது, சொல்.

ஆகவே கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். மதிப்பெண்ணை ஓரமாக வை. உன் மகளுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், உள்ளே எத்தனை நாற்காலி இருக்கிறது, இந்த இரண்டுதான் கேள்வி. நம் மாநிலத்து அரசுக் கல்லூரிகளில் ஐயாயிரம் இடம் என்று வைத்துக்கொள். அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மிச்சத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம். (2020-இல் அது வந்தபோது எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியர் கண் கலங்கினார், அதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் மாணவர் ஒருவரைக்கூட மருத்துவத்துக்கு அனுப்ப முடியவில்லை.) இதுவும் போக, கிட்டத்தட்ட மூவாயிரத்துத் தொள்ளாயிரம். பொதுப்பிரிவுக்கு 31, பி.சி.க்கு 26.5, எம்.பி.சி.க்கு 20 என்று பிரித்தால் பி.சி.க்கு ஆயிரத்துச் சொச்சம் வரும்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பி.சி. வரிசையில் ஆயிரத்துச் சொச்சத்தோடு கதவு மூடிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வரிசையின் முன்பகுதியில் நிற்கிற பிள்ளைகள் பொதுப்பிரிவின் 31 சதவீதத்திலேயே இடம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் பி.சி. நாற்காலியில் உட்காருவதே இல்லை. இன்னும் சிலர் ஜிப்மருக்கோ எய்ம்ஸுக்கோ, அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு ஊருக்கோ போவார்கள். ஆகவே பாப்பாவுடைய பி.சி. தரவரிசை எண் ஆயிரத்தைத் தாண்டி நன்றாகவே உள்ளே போயிருந்தாலும் பயப்பட வேண்டாம். பட்டியல் வந்ததும் பொது எண், சமூக எண் இரண்டையும் எனக்கு எழுது. அதுவரை நான் 'கிடைக்கும்' என்று சொல்லப்போவதில்லை. லட்டுக்காரன் வாக்கை யார் நம்புவார்கள்? ஓரத்தில் நிற்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஓரத்தில் நிற்பது உள்ளே இருப்பதைவிடவும் வெளியே இருப்பதைவிடவும் கஷ்டம். இந்த இரண்டு மாதமும் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதே.

இன்னொன்று, இதுதான் அவசரம். பாப்பா ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் பெங்களூரில் படித்தாள் அல்லவா? ஓசூருக்கு நீ மாறிவந்தது அதற்குப் பிறகுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் வைக்க வேண்டும், பெற்றோரின் சான்றுகளும் கேட்பார்கள். நாளைக் காலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போ. உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இங்கே வாங்கியதுதானே, அது உதவும். கர்நாடகத்திலும் சொந்த மாநிலத்தவர் என்று ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கலாமே என்று உன் மைத்துனர் யோசனை சொல்வார். கேட்காதே. இரண்டு மாநிலத்தில் உரிமை கோரினால் இரண்டும் போகும்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொல்லும்போது தூரத்து ஊர் என்று எதையும் விட்டுவிடாதே. ராமநாதபுரம், நீலகிரி, அரியலூர், எங்கள் விருதுநகர் எல்லாம் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொன்றில் சேர்ந்தவை. நம் சின்ன வயதில் காய்ச்சல் முற்றினால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இன்று இந்த ஊரிலேயே வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். பாப்பாவுக்கு இங்கே கிடைத்தால் விடுதிச் சாப்பாடு பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் தங்கச்சி இப்போதே மாடி அறையைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். சொல்லாதே என்று சொன்னாள், சொல்லிவிட்டேன்.

தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீடு உண்டு. ஆனால் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும், நாலரை வருடத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொள். நிர்வாக ஒதுக்கீடு நம் மாதிரி ஆட்களின் பேச்சே அல்ல. முடிவு வந்த நாளிலிருந்து தெரியாத எண்களிலிருந்து உனக்கும் அழைப்பு வரத் தொடங்கியிருக்கும், 'சார், ஒரு சீட் இருக்கிறது, முன்பணம் மட்டும் போடுங்கள்' என்று. பையனுக்கு வந்தபோது நான் ஒருவரிடம் கால் மணி நேரம் பேசி, கடைசியில் அவருக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்கினேன். பிறகு அழைக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, 1989-இல் நுழைவுத் தேர்வு எழுத நாம் மூன்று பேர் மதுரைக்குப் போனது? பஸ்ஸிலேயே மூன்று பேருக்கும் வாய்ப்பைக் கணித்தோம். எனக்கு உறுதி, உனக்குப் பாதிக்குப் பாதி, டீக்கடைக்காரர் மகனுக்கு வாய்ப்பே இல்லை. அவன் பாவம், தலையை ஆட்டிக்கொண்டு நம் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தான். போன மாதம் அவனிடம்தான் அம்மாவுக்குச் சர்க்கரைக்கு மருந்து மாற்றி எழுதி வாங்கி வந்தேன். இன்னும் என்னிடம் பணம் வாங்குவதில்லை.

பாப்பா பிறந்த 2007-இல்தான் அந்த நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். பெயர் வைக்கிற அன்று நீ தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, 'இவளுக்கு இந்தத் தொல்லை இல்லையடா, பிளஸ் டூவில் வாங்கினால் போதும்' என்றாய். பத்து வருடம்தான் அது நிலைத்தது.

பெரியவன் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவம் இரண்டாம் வருடம் வரப்போகிறான். அதற்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதுமாக இருந்தது. போன வாரம் வந்தவன், வயிறு உப்பிய மாட்டை எந்தப் பக்கம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தான். இடப்பக்கமாம். இன்னொரு தரம் நீட் எழுதுகிறாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உன் கடிதத்தைக் காட்டினேன். 'அந்தப் பிள்ளையின் அறைக் கதவில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள்' என்றான். கேட்டுவிட்டேன்.

பிறப்பிடச் சான்று கைக்கு வந்ததும் ஒரு வரி எழுது. அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன். போர்வெல்லை இன்னும் ஐம்பதடி இறக்குவதாக இருந்தால், வேண்டாம். அந்தப் பணம் வேறு எதற்காவது ஆகும்.

உன்
கதிரேசன்