மாவு மில்லுக்கு முன்னால் பலகை போட்டுக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய உள்ளாட்சி அலுவலர்களுக்கு,

வணக்கம். தருமபுரியை ஒட்டி வளர்ந்த எங்கள் குடியிருப்பின் கடைத்தெருவில் பொங்கலுக்கு முன் தோண்டிய கழிவுநீர்க் கால்வாய், சித்திரை பிறந்த பிறகும் திறந்தே கிடக்கிறது. மனு, நினைவூட்டல் மனு, குறைதீர் நாள் ரசீது எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் மில்லுக்குப் போகக் கால்வாய்மேல் கிடந்த சவுக்குக் கட்டையில் கால் வைத்த பாட்டி ஒருவர் உள்ளே விழுந்தார். துருத்திக்கொண்டிருந்த கம்பி முழங்காலைக் கிழித்துவிட்டது. தலையில் இருந்த ராகி அத்தனையும் சாக்கடைத் தண்ணீரில் போயிற்று. அதனால்தான் ஊரறிய எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: மாவு மில்லுக்கும் அதே வரிசையில் உள்ள கடைகளுக்கும் முன்னால் கால்வாயை மூடும் கான்கிரீட் பலகை போட்டுக் கொடுங்கள்.

ஒரு மில்லுக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். 2023 மே மாதம் நீலகிரியிலும் நம் தருமபுரி மாவட்டத்திலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் ரேஷனில் கொடுப்பது தானியம், மாவு இல்லை. அதைப் புடைத்து, கல் அரித்து, கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனால்தான் வீட்டில் களி. ஈரம் கொஞ்சம் இருந்தாலும் கல்லில் அப்பிக்கொள்ளும்; மாவு கட்டிகட்டியாக விழும், நாலு நாளில் வாடை வரும். காயவைக்க இருந்த இடமும் மில்லுக்குப் பக்கத்துச் சிமெண்ட் தளம்தான். இப்போது அங்கே கால்வாயில் அள்ளிப்போட்ட மண் குவிந்திருக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி தானியத்தில் படிகிறது. எத்தனை முறை புடைத்தாலும் களியில் மண் கரகரக்கிறது.

மில்காரர் செய்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். களிக்கா, கூழுக்கா, குழந்தைக்குக் கஞ்சி மாவா என்று முதலில் கேட்பார். முன்பு அரைத்தவர் அரிசி அரைத்திருந்தால், நம் ராகியில் ஒரு கைப்பிடியை முதலில் ஓடவிட்டு அந்த மாவைத் தனியாக எடுத்துவிடுவார். மிளகாய்க்கு வேறு இயந்திரம். மாவு விழுகிற வாயில் கட்டிய துணிக் குழாய்க்கு அடியில் கையை நீட்டி, விழுகிற மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். நறநறப்பு அதிகம் என்றால் கைச்சக்கரத்தைக் கால் சுற்று இறுக்குவார். கல்லில் உரசிய மாவு சூடாகத்தான் விழும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து, கட்டி பிடித்து, வண்டு வைத்துவிடும். ஆறவிட்டு மூடச் சொல்லித்தான் அனுப்புவார். பத்துப் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரைத்துப் போகிற வீடுகளுக்கு சூப்பர் மார்க்கெட் பாக்கெட் மாவு ஈடாகாது. மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம் உண்டு. ஆள் வராமல் இன்னும் சில மாதம் போனால் அவர் பூட்டிவிடுவார். அடுத்த மில்லுக்கு பஸ் ஏற வேண்டும்.

வேலை எங்கே கெட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் தோண்டிவிட்டு, பிறகு சுவர் கட்டி, அதன் பிறகு பலகை வார்க்கலாம் என்று விட்டார்கள். முதலில் பலகையை வேறிடத்தில் வார்த்து வைத்திருக்க வேண்டும். முப்பது அடி தோண்டு, சுவர் எழுப்பு, மூடு, அடுத்த முப்பது அடிக்குப் போ என்று போயிருந்தால் எந்தக் கடையும் சில வாரங்களுக்குமேல் அடைபட்டிருக்காது. கால்வாயின் உள்ளகலம் 2 அடி. 3 அடிப் பலகை இருந்தால்தான் இரண்டு சுவரிலும் அரையடி உட்காரும். ஆள் நடக்க 4 அங்குலக் கனம் போதும். மில்லுக்கு மூட்டை இறக்க டெம்போ பின்பக்கமாக ஏறும் என்பதால் அங்கே 6 அங்குலம் வேண்டும். கம்பி வலை பலகையின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். வார்க்கும்போது வலை மேலே ஏறிவிட்டால், வண்டி ஏறிய முதல் நாளே அடியில் விரிசல் விடும். இந்த ஊரில் உடைந்து கிடக்கிற பலகைகளில் பலவற்றை எட்டிப் பார்த்தால் கம்பி மேலேதான் தெரிகிறது. வார்த்து ஏழு நாளாவது ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டும். வண்டி ஏற 28 நாள் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியெல்லாம் துருவேறிவிட்டது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் கான்கிரீட் போடாதீர்கள். இன்னொன்று: பல கடைகளின் முன்னால் கால்வாய்ச் சுவர் கடைத் தரையைவிட உயர்ந்து நிற்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கால்வாய்க்குப் போகாது, கடைக்குள்தான் வரும்.

அந்த வரிசையில் மில் மட்டும் இல்லை. மளிகைக் கடையில் கூரையிலிருந்து தொங்கும் நூல்கண்டை இழுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த காலம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது அந்தக் கடைக்காரருக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை, பழைய பொட்டலத்துக்கே திரும்பினார். சம்பளத் தேதிவரை நோட்டில் எழுதிக்கொண்டு கடன் தருகிறவர் அவர். ஜிப் மாற்றிக் கொடுக்கிற தையல் கடை, வாடகை சைக்கிள் விட்டு இப்போது பஞ்சர் மட்டும் ஒட்டுகிற சைக்கிள் கடை, முழம் போட்டுப் பூ விற்கிற அம்மா, கரிப்பெட்டி வைத்த இஸ்திரி வண்டி. பூக்காரம்மாவையும் இஸ்திரி வண்டியையும் ராத்திரியோடு ராத்திரியாக நகரச் சொன்னார்கள். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்கும் 2014 சட்டம் 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. அந்தத் தாளை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை. கால்வாய் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை; கொசுவோடு வாழ்கிறவர்கள் நாங்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் வளர்ச்சி என்கிறார்கள். இருக்கிற கடைக்கு வழி அடைத்துவிட்டு யாருக்கு வளர்ச்சி?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதேதான்: மில்லுக்கும் கடைகளுக்கும் முன்னால் பலகை. மொத்த வேலைக்கும் நிதி வர நாளாகும் என்றால், முதலில் மில் வாசலுக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு பலகையிலும் இரண்டு இரும்புக் கொக்கி வையுங்கள். 3 அடிக்கு 2 அடி, 6 அங்குலப் பலகை ஏறக்குறைய 200 கிலோ வரும்; கொக்கி இல்லாவிட்டால் தூர்வார வருகிறவர்கள் கடப்பாரை போட்டு ஓரத்தை உடைத்துவிடுவார்கள். அதுவரை கம்பி முனைகளை மடக்கி, இரவில் தெரிய ஒரு விளக்காவது போடச் சொல்லுங்கள். அளவெடுக்க உங்கள் பொறியாளர் எந்த நாள் வந்தாலும் கடைக்காரர்கள் கூட நின்று உதவுவார்கள்.

இப்படிக்கு,
கடைத்தெருப் பகுதி மக்கள்