ரௌட்டர் இருக்கும்போது ஆன்டிவைரஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பாதுகாப்பு வசதியுள்ள ரௌட்டரையும் விற்றுவிட்டு, கமிஷனுக்காக ஆன்டிவைரஸையும் தலையில் கட்டுகிறார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. உங்களில் சிலரே அதை எங்களுக்கு அனுப்பி, பதில் சொல்லும்படி கேட்டீர்கள். சொல்லாமல் விட்டால் உண்மை என்றாகிவிடும் என்பதால் எழுதுகிறோம்.

ரௌட்டரின் பாதுகாப்பை நாங்கள் குறைத்துச் சொன்னதே இல்லை. மோசடித் தளம் என்று ஏற்கெனவே அறியப்பட்ட முகவரிக்கு வீட்டிலுள்ள எந்தக் கருவி போக முயன்றாலும் அது தடுக்கும். கண்காணிப்பு கேமராவில் ஆன்டிவைரஸ் போட முடியாது. அதற்கு ரௌட்டர்தான் துணை. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லே மாறாமல் கிடந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அமைத்துத் தரும்போதே கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று உங்களை நாங்கள் நச்சரிப்பது அதனால்தான்.

ஆனால் இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. ஒட்டிய உறையைக் கையில் வைத்திருக்கும் தபால்காரரைப் போல, ரௌட்டருக்கு முகவரி தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. நல்ல பெயருள்ள சேமிப்புத் தளத்திலிருந்து 'பில்' என்ற பெயரில் நச்சுக் கோப்பு ஒன்று இறங்கினால் அது தடையில்லாமல் வந்து சேரும். திறந்ததும் அது உங்கள் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினால், அதைக் கணினிக்குள் இருக்கும் மென்பொருள்தான் கவனிக்க முடியும். பென்டிரைவில் வருவது ரௌட்டர் பக்கமே போவதில்லை. பிள்ளைகள் மடிக்கணினியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றாலோ, போன் மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, வீட்டு ரௌட்டரால் ஒன்றும் செய்ய இயலாது.

சந்தேகம் உள்ளவர்கள் கடைக்கு வாருங்கள், செய்து காட்டுகிறோம். ஆன்டிவைரஸைச் சோதிப்பதற்கென்றே ஐகார் என்று ஒரு கோப்பு உண்டு. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. அதைப் பென்டிரைவில் போட்டுக் கணினியில் திறக்கப் போனால், ரௌட்டரின் விளக்குகள் எப்போதும்போல் மினுக்கிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை எழுவது கணினித் திரையின் மூலையில்.

இனி, எங்களை உண்மையிலேயே புண்படுத்திய கமிஷன் பேச்சு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாகக் காசு கிடையாது. புதுப்பிப்புகளை ஒழுங்காகப் போடும் வீட்டுக்கு அதுவே போதும் என்று எத்தனையோ பேரிடம் நாங்களே சொல்லியிருக்கிறோம். உங்கள் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள், பலருடையதில் ரௌட்டர் மட்டும்தான் இருக்கும். ஆன்டிவைரஸைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கேட்டு வாங்கியவர்கள். சந்தா தீர்ந்த ஆன்டிவைரஸை வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நம்பியிருந்தவர்களுக்கு, அதை நீக்கி டிஃபெண்டரை இயக்கிக் கொடுத்தோம். அதில் எங்களுக்கு என்ன கமிஷன் வரும்? நாங்கள் மறுத்தது ஒன்றே ஒன்று: "ரௌட்டர்தான் இருக்கிறதே, டிஃபெண்டரையும் அணைத்துவிடுங்கள்" என்று கேட்டபோது முடியாது என்றோம். இனியும் அப்படித்தான் சொல்வோம்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகும் எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களுக்கும், பழையபடியே கணினியை எங்களிடம் நம்பிக் கொடுப்பவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் ஆதரவில்தான் இந்தக் கடை நடக்கிறது.

ஊழியர் ஒருவர் விலகியிருப்பதால், வீட்டுக்கு வந்து ரௌட்டர் அமைத்துத் தருவதற்கு அடுத்த மாதம் முதல் தனிக் கட்டணம் உண்டு. கடைக்கே கொண்டுவந்தால் வழக்கம்போல் இலவசம்தான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். அதற்கான பொது ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினி 11-க்கு மாறுமா என்று பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்