அந்த ‘ஓரிரு இடம்’ எது?

வானிலை ரேடார்களை எங்கே வைப்பது என்று திட்டமிடும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன் எழுதுகிறேன். போன அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் நெல்லைக் காயப் போட்டிருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் எடை போடுவார்கள். மூன்று நாள் கிளறிக் கிளறிக் காய வைத்து, நாளைக்கு நம் முறை என்று இருந்தபோது, மத்தியானம் அழகர்மலைப் பக்கம் கருத்தது. படுதாவை இழுத்து மூடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. நாலாம் நாள் அம்பாரத்துக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று சூடு. உள்ளே முளை விட்டிருந்தது.

அன்று காலை வந்த அறிவிப்பில் தப்பில்லை. ‘மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை.’ அந்த ஓரிரு இடத்தில் எங்கள் களமும் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் திரண்டு கரைந்துவிடும் மேகத்துக்குக் காலையிலேயே ஊர் பேர் சொல்ல யாராலும் முடியாது. அது திரளும்போது பார்த்துச் சொல்வது ரேடார்தான். நாங்கள் நம்பியிருக்கும் காரைக்கால் ரேடாரும் திருவனந்தபுரம் ரேடாரும் மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். பூமி உருண்டை, ரேடார் அனுப்பும் அலைக்கதிர் போகப் போகத் தரை கீழே இறங்கிவிடுகிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர்கூட எங்கள் தலைக்கு மேல் வரும்போது 4 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். திருவனந்தபுரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை வேறு. பந்தலின் மேல்துணியை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே எத்தனை பேர் பந்தியில் இருக்கிறார்கள் என்று சொல்லச் சொன்னால் எப்படி?

விவசாயிக்கு மட்டுமான பிரச்சினை இல்லை இது. 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறக்கவில்லை.

புயலுக்காகக் கடற்கரையில் ரேடார் வைத்தது சரி. ராமநாதபுரத்துக்கு ஒன்று என்று மாநில அரசு எடுத்த முடிவும் நல்லதே. அங்கிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலேயே மேகத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அது 5 சென்டிமீட்டர் அலையில் இயங்கும் சி-பேண்ட் வகை. நடுவில் பெருமழை பெய்தால் அலை வலுவிழந்து, அதற்குப் பின்னால் இருப்பது மங்கிவிடும். மானாமதுரையில் அடித்துப் பெய்யும்போது உசிலம்பட்டி தெரியாமல் போகலாம்.

அதனால் கேட்கிறோம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் ‘மிஷன் மௌசம்’ திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ரேடார்களைக் கூட்டுவதும் அதில் ஒரு வேலை. அந்தக் கணக்கில் மதுரைக்கென்று, பக்கத்து ஊர்களை மட்டும் அருகிலிருந்தே பார்க்கும் ஒரு சிறிய எக்ஸ்-பேண்ட் வகை ரேடாராவது வையுங்கள். அப்புறம், படத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாமல், ‘கொட்டாம்பட்டி, மேலூர், அரை மணி நேரத்தில்’ என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். படுதா மூட எங்களுக்கு இருபது நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்து நெல் விவசாயி