பைதன் விளக்கம் கணினிக்குள்ளேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தொடர்பு அறுந்தவுடன் பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் பைதன் நிரலாக்கப் பாடமும் நின்றுபோக வேண்டியதில்லை. உயர்தர மாணவர் தேடும் விளக்கத்தில் பெரும்பகுதி அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. பைதனுடன் வரும் பெரும்பாலான பங்ஷன்களின் (பெயரிட்டு அழைக்கும் நிரல்துண்டுகளின்) விளக்கமும் 'டாக்ஸ்ட்ரிங்' என்ற பெயரில் நிரலோடு சேர்ந்தே வருகிறது. இணையத்தில் அகப்படுவது வேறு பதிப்புக்குரியதாக இருக்கலாம். இது நிறுவியுள்ள பதிப்புக்கே உரியது.

வாசிக்க, பைதனுடன் வரும் 'பைடாக்' (pydoc) என்ற விளக்கம் காட்டும் கருவி போதும். ஆசிரியரின் கணினியில் '-என்' (-n) தெரிவுக்கு அக்கணினியின் ஐபி முகவரியையும் (வலையமைப்பில் அதற்குரிய இலக்க முகவரி) '-பி' (-p) தெரிவுக்கு 8000 போன்ற போர்ட் (தொடர்பு வாயில்) இலக்கத்தையும் கொடுத்து ஓடவிட்டால், மற்றக் கணினிகள் உலாவியில் அந்த முகவரியைத் தட்டி வாசிக்கலாம். '-என்' தெரிவு பைதன் 3.7 பதிப்பிலிருந்துதான் உண்டு. பக்கம் திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபயர்வோல் போர்ட்டை மறித்திருக்கும், அல்லது கட்டளை யன்னலை யாரோ மூடியிருப்பார்கள். பழைய பைடாக்கில் வலையமைப்பிலுள்ள எவரும் அக்கணினியின் கோப்புகளை வாசிக்கக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது, 2021இல்தான் அடைத்தார்கள். 3.9 வைத்திருப்போர் குறைந்தது 3.9.4க்கு மாறுவது நல்லது.

அதிகம் சறுக்குவது, எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறோம் என்பதில். மாணவரின் பயிற்சிகள் கிடக்கும் கோப்புறையில் தொடங்கினால் அவையும் பட்டியலில் வந்துவிடும். ஒன்றைச் சொடுக்கினால் பைடாக் அதை இறக்குமதி செய்யும். அதாவது, அந்த நிரல் ஓடும். உள்ளே, தட்டச்சுக்காகக் காத்திருக்கும் 'இன்புட்' இருந்தால் பக்கம் வராமல் அப்படியே நிற்கும். யாராவது தம் பயிற்சிக்கு 'ரான்டம்' என்று பெயர் வைத்திருந்தால் (வைப்பார்கள்!) பைதனோடு வரும் அதே பெயருள்ள உண்மையான ரான்டம் மொடியூல் (நிரற்கோப்பு) மறைந்துவிடும். ஆகவே வெற்றுக் கோப்புறையில் தொடங்குங்கள்.

பைதனின் நிறுவல் கருவியான 'பிப்' மூலம் நிறுவும் மேலதிகப் பொதிகளுக்குப் பெரும்பாலும் டாக்ஸ்ட்ரிங் வரும். முழுக் கையேடு பெரும்பாலும் வராது. பைதனின் முழுக் கையேட்டை அதன் தளத்திலிருந்து ஸிப் கோப்பாக ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடலாம்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில்தானே என்று கேட்பார்கள். பைதன் 3 நிரற்கோப்பை யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) ஆகவே வாசிப்பதால் டாக்ஸ்ட்ரிங்கைத் தமிழிலும் எழுதலாம். பங்ஷனின் தலைப்பு வரிக்கு அடுத்து, வேறெந்தக் கூற்றுக்கும் முன்னால், மேற்கோளுக்குள் (வழக்கமாக மும்மேற்கோளுக்குள்) இருக்க வேண்டும்; பிந்தினால் பைடாக் அதை விளக்கமாகக் கொள்ளாது. பாடத்துக்கான பங்ஷன்களை இப்படி ஒரே மொடியூலாக எழுதி அந்த வெற்றுக் கோப்புறையில் வைத்தால், ஆய்வுகூடம் முழுவதும் விளக்கத்தைத் தமிழில் வாசிக்கும். வலயக் கணினி வளவாளர்கள் அடுத்த தவணைக்கு முன் அப்படியொரு மொடியூலைத் தயாரித்துப் பாடசாலைகளுக்குக் கொடுப்பார்களா?

கணினிப் பாட ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.