டிரைவர் கை எட்டாத சுவிட்ச் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போடிநாயக்கனூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை மலை ஏறும் வண்டிகள். விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் ஒரு பக்கம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் காட்டக் கூட்டிப்போகும் ஜீப்புகள் இன்னொரு பக்கம். இப்போது தார், கூர்க்கா மாதிரி ஜீப் வாங்கி வார இறுதியில் காட்டுப்பாதை தேடும் தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஐப்பசி பிறந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஃபாக் லைட் போடணும், முடிந்தால் மேலே ஒரு லைட் பாரும் (நீளப் பட்டையில் வரிசையாக எல்.இ.டி. அடுக்கிய விளக்கு) போடணும். எத்தனை வாட், எந்தக் கம்பெனி, எவ்வளவு தூரம் அடிக்கும் என்று அரைமணி நேரம் பேசுவார்கள். சரி, சுவிட்சை எங்கே வைக்க என்று கேட்டால் மட்டும், "எங்கயாவது வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வெளியூரில் வயரிங் செய்த பழைய கமாண்டர் ஜீப் ஒன்று அண்மையில் வந்தது. ஃபாக் லைட் சுவிட்ச் டேஷ்போர்டின் இடது கோடியில், கீழ் விளிம்புக்கு அடியில், முன்சீட்டில் ஓரமாக உட்காருபவரின் முழங்காலுக்கு நேரே இருந்தது. பனி மூடினால் என்ன செய்வீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "பக்கத்துல உக்காந்திருக்கவரப் போடச் சொல்வேன்" என்றார். சுற்றுலா வந்தவர் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து தேடி, முதலில் உள்விளக்கைப் போட்டுவிடுவாராம். உள்ளே விளக்கு எரிந்தால் முன்கண்ணாடியில் பாதை தெரியாது, டிரைவரின் முகம்தான் தெரியும். ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது என்ன வழி? வண்டியை நிறுத்திவிட்டுப் போடுவாராம். கொண்டை ஊசி வளைவில், பின்னால் லாரி வரும்போது, எங்கே நிறுத்துவது?

சுவிட்ச் அங்கே போனதற்குக் காரணம் உண்டு, அது எங்கள் தொழில் ரகசியம். 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். ரிலே, அதாவது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் துணை சுவிட்ச், போடாமல் அத்தனை கரண்டையும் சுவிட்ச் வழியாகவே விட்டால் தடிமனான வயர் வேண்டும், கனமான சுவிட்ச் வேண்டும். அந்தத் தடி வயரை டிரைவர் பக்கம்வரை இழுக்கச் சோம்பல்பட்டு, இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் (பயர்வால்) எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேயே சுவிட்சை முடித்துவிடுகிறார்கள். ரிலேயை பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு ஃபியூஸும் போட்டுவிட்டால், சுவிட்சுக்கு வருவது ரிலே காயிலை இழுக்கத் தேவையான கரண்ட் மட்டுமே. அது கால் ஆம்பியர்கூட இருக்காது. மெல்லிய வயர் போதும், சின்ன சுவிட்ச் போதும், டிரைவரின் விரல் நுனிக்கே கொண்டுவரலாம். ரிலே இல்லாத சுவிட்ச் சூடேறிக் கருகி நாறுவது தனிக் கதை.

எங்கே வைப்பது என்பதற்கு நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். டிரைவரை அவருடைய சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போடச் சொல்லி, கண்ணை மூடச் சொல்வேன். "ஃபாக் லைட்" என்பேன். முதுகு சீட்டைவிட்டு எழாமல் கை எங்கே போகிறதோ அதுதான் இடம். அங்கே மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பேனாவால் எழுதி, ஒருநாள் மலைக்குப் போய் வரச் சொல்வேன். வந்த பிறகுதான் டிரில்லைக் கையில் எடுப்பது. சிலருக்கு இது பொறுக்காது, அன்றைக்கே முடித்துத் தரும் கடைக்குப் போய்விடுவார்கள்.

நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம். வளைவில் இடது கை கியருக்குப் போய்விடும், வண்டி வலது கையில்தான் நிற்கும். கல்லும் பள்ளமுமான பாதையிலோ இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடவே முடியாது. அதனால் ஓட்டத்தில் தேவைப்படுபவை, அதாவது ஃபாக் லைட், லைட் பார், பழைய வண்டி என்றால் வைப்பரும்கூட, ஸ்டீயரிங்குக்கு ஒட்டின மாதிரி, சக்கரத்தின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சில பழைய ஜீப்புகளில் வைப்பர் மோட்டாரிலேயே சுவிட்ச் இருக்கும், மழையில் முன்னால் எக்கித்தான் தட்ட வேண்டும். அதை மாற்றிக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை, லைட் பார் கேட்டுத்தான் வருகிறார்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், கூடாரத்து விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாம் வண்டி நின்ற பிறகு போடுபவை. அவற்றை இடது கோடியில் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நடப்பது தலைகீழாக இருக்கிறது. செல்போன் சார்ஜர் டிரைவரின் கைக்குப் பக்கத்தில், ஃபாக் லைட் பயணியின் காலடியில்.

எட்டினால் மட்டும் போதாது. ஒரே மாதிரி ராக்கர் சுவிட்ச் ஐந்தை வரிசையாக வைத்தால் பார்க்க விமானம் மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டில் தடவினால் எது எது என்று எப்படித் தெரியும்? ஃபாக் லைட் சுவிட்சைக் கொஞ்சம் தள்ளித் தனியாக வைக்கலாம், அல்லது அதற்கு மட்டும் குமிழ் உள்ள சுவிட்ச் போடலாம். சுவிட்சுக்குள் எரியும் நீல எல்.இ.டி.யையும் தம்பிகள் விரும்பிக் கேட்கிறார்கள். விடியற்காலை மூன்றரை மணி இருட்டில் அந்த நீலம் கண்ணைக் குத்தும், கண்ணாடியிலும் தெறிக்கும்.

சிக்கிய வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கும் மோட்டாரான வின்ச் விஷயம் நேர் எதிர். அது இழுக்கத் தொடங்கினால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் ஓடும், கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் ஆள் நின்றுகொண்டிருப்பார். அதன் சுவிட்சைத் தெரியாமல் யாரும் தொட்டுவிடக் கூடாது. மூடி போட்ட சுவிட்ச் வேண்டும், மெயின் லைனில் கரண்டை முழுதாகத் துண்டிக்கத் தனியாக ஒரு ஐசோலேட்டரும் வேண்டும். இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் டிஃப்லாக்குக்கும் இதே எச்சரிக்கை தேவை. முன்சீட்டில் டிரைவரைத் தவிர இரண்டு பேரை நெருக்கி உட்காரவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கியர் பக்கம் உட்காருபவரின் முழங்கால் எங்கெங்கே இடிக்கும் என்று பார்த்துவிட்டு ஓட்டை போட வேண்டும்.

இது ஏதோ நானாகக் கிளப்பும் ஆசை இல்லை. அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பு விதி 101 என்று ஒன்று உண்டு. அதில் பட்டியலிட்டுள்ள கட்டுப்பாடுகள், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் டிரைவர் இயக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கம்பெனிகளும் யோசிக்காமல் இல்லை. ஜீப் ராங்ளரில் கதவைக் கழற்றலாம் என்பதால் கண்ணாடி இறக்கும் சுவிட்சை நடுவில் வைத்தார்கள். ஃபோர்டு பிரான்கோவில் கூடுதல் சாமான்களுக்கென்றே தலைக்கு மேல் சுவிட்ச் வரிசை வருகிறது. நம் படுதா போட்ட ஜீப்பில் தலைக்கு மேல் எதைப் பொருத்துவது என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் போட்டுவிடும் மோகத்துக்கும் ஐரோப்பாவில் கடிவாளம் விழுந்திருக்கிறது. இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டு இயக்கும் சுவிட்ச் இல்லையென்றால் 2026 முதல் முழு மதிப்பெண் கிடையாது என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு அறிவித்துவிட்டது. தார் ரோட்டிலேயே இப்படி என்றால், குலுங்குகிற வண்டியில் திரையைக் குத்தினால் விரல் எங்கே போய் விழும்?

லைட் பார் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆவது விதி தடுக்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டுமே போடலாம். அப்படியும் தோட்டத்துக்குள் ஓட்டத்தான் என்று சொல்லிப் போட்டுக்கொள்கிறார்கள், பிறகு அதை எரியவிட்டபடியே மெட்டு இறங்குகிறார்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஏறி வருபவரின் கண்ணில் அந்த வெளிச்சம் விழுந்த நொடியில் அணைக்கக் கை எட்டவில்லை என்றால், பள்ளத்தாக்கு ஓரத்தில் அவர் குருடர்தான்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். எஃப்.சி.க்கு வரும் மலை ஜீப்புகளில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறீர்கள். கூடவே, டிரைவரை பெல்ட் போட்டு உட்காரவைத்து, அந்த விளக்கை அவரையே போடச் சொல்லிப் பாருங்கள். எட்டிக் குனிந்தால் திருப்பி அனுப்புங்கள், எங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவோம். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம், சோதனைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.